49 வயதில் ஒரு சிறுவன்: மசாகோ நொசாவாவின் மேடையும் மைக்கும்

1986 பிப்ரவரி 26 அன்று ஜப்பானின் ஃபூஜி டிவியில் 'டிராகன் பால்' என்ற கார்ட்டூன் தொடரின் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. காட்டில் தனியாக வளர்ந்த, வால் முளைத்த பன்னிரண்டு வயதுப் பையன் கோகு அதில் பேசினான். குரல் கொடுத்தவர் 49 வயதுப் பெண்மணி, பெயர் மசாகோ நொசாவா. 2024 அக்டோபரில் 'டிராகன் பால் டைமா' தொடங்கியபோது, கதைப்படி கோகு மறுபடியும் சின்னப் பையனாகச் சுருங்கினான். அப்போதும் குரல் அவருடையதுதான். 88 வயது நிறைய இரண்டு வாரம் பாக்கி இருந்தது.

இதைக் கேட்டதும் பலரும் தொண்டையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். என்ன குடிக்கிறார், எப்படிப் பாதுகாக்கிறார் என்று. தொண்டைக்கும் பங்கு உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் நொசாவாவை நொசாவாவாக்கியவை வேறு. 1950களில் ஜப்பானியத் திரைப்பட நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம், கையில் காசில்லாத நாடகக் குழுக்கள், தப்பு நேர்ந்தால் திருத்தவே முடியாத நேரலை டப்பிங். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு மேடை நடிகை நின்றுகொண்டிருந்தார். அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் உலகில் சிறுவர்களுக்குப் பெண்கள் குரல் கொடுக்கும் வழக்கம் ஏன் வேர்விட்டது என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

நொசாவா 1936 அக்டோபர் 25 அன்று டோக்கியோவில் பிறந்தார். அத்தை சினிமா நடிகை என்பதால் மூன்று வயதிலேயே கேமரா முன் நின்றுவிட்டார். போர்க்காலத்தில் குன்மா பகுதியிலுள்ள நுமாதாவுக்குப் போய், பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்தார். பிறகு டோக்கியோ திரும்பி 'தோகெய்' என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்நாளைய டோக்கியோவில் 'ஷிங்கெகி' எனப்படும் நவீன நாடகத்தை நம்பி வாழ்ந்த குழுக்கள் நிறைய. நாடகத்தில் வருமானம் கிடையாது. ஒரு மாதம் ஒத்திகை, சில நாள் மேடை, அரங்க வாடகையும் செட்டும் போக மிஞ்சுவது கடன். டிக்கெட்டில் ஒரு பங்கை நடிகர்களே தலையில் சுமந்து விற்க வேண்டும். ஆகவே குழுவின் ஆட்கள் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் போய்ச் சம்பாதித்து வந்தால்தான் அடுத்த நாடகம் மேடையேறும். குரல் வேலை அப்படித்தான் அவர்களிடம் வந்தது. நாடகத்துக்குச் செலவு பண்ணக் கிடைத்த பக்கவாட்டு வருமானம் அது.

அந்த வருமானம் ஏன் சினிமா நட்சத்திரங்களுக்குப் போகவில்லை? 1953-இல் ஐந்து பெரிய திரைப்பட நிறுவனங்கள், ஒருவரின் ஒப்பந்த நடிகரை மற்றவர் இழுக்கக் கூடாது என்று தங்களுக்குள் உடன்பாடு போட்டன. அதே ஆண்டில்தான் ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கியது. நாளடைவில் அந்த உடன்பாட்டின் கயிறு தொலைக்காட்சியின் கழுத்திலும் விழுந்தது. நட்சத்திரங்களை அனுப்புவதில்லை, 1956 முதல் படங்களையும் கொடுப்பதில்லை. ஒளிபரப்பு நேரத்தை நிரப்ப அமெரிக்கத் தொடர்களை வாங்குவதைத் தவிர நிலையங்களுக்கு வழி இருக்கவில்லை. வாங்கிய தொடருக்கு ஜப்பானியக் குரல் வேண்டும். வானொலி நாடக நடிகர்களும் ஷிங்கெகி குழுக்களும் உள்ளே வந்தது இந்த இடைவெளியில்.

தொடக்கத்தில் அந்த டப்பிங் நேரலையாக நடந்தது. படம் ஒரு பக்கம் ஓடும். நடிகர் ஒரு காதில் மூல ஒலியைக் கேட்டுக்கொண்டே, கையில் வசனத் தாளுடன், ஓடும் உதடுகளைப் பார்த்துப் பேசுவார். பேசுவது அப்படியே வீடுகளுக்குப் போய்விடும். ஒருவர் இரண்டு வினாடி பிந்தினால் காட்சி மாறிவிடும். கதாநாயகியின் வாய் அசையும்போது கதாநாயகனின் குரல் வரும். அடுத்தவர் தன் வசனத்தைச் சுருக்கி, பிந்திய நேரத்தைப் பிடித்துத் தர வேண்டும். இது முழுக்க மேடைக்காரர்களின் சாமர்த்தியம். உடன் நடிப்பவர் வரியை மறந்தால் கதையை முறியவிடாமல் எடுத்துச் செல்வது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம்.

இந்தச் சூழலில் ஒரு சிறுவன் பாத்திரம் வந்தால் என்ன செய்வது? நிஜச் சிறுவனைக் கொண்டுவந்தால் இடைஞ்சல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். வசனத் தாளில் உள்ள 'கான்ஜி' எனப்படும் சீன எழுத்துகளை அவனால் வேகமாகப் படிக்க முடியாது. இரவு நிகழ்ச்சிகளுக்கு உட்கார வைக்க முடியாது. நேரலையில் ஒருமுறை மிரண்டு நின்றுவிட்டால் நிகழ்ச்சியே போயிற்று. எல்லாவற்றையும் சமாளித்தாலும் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிடும். அப்படியானால் பெரியவர் ஒருவர்தான் பேச வேண்டும், அதுவும் பெண் என்றால் பொருந்தும் என்று தயாரிப்பாளர்கள் நாடகக் குழுக்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். தோகெய் குழுவிலிருந்து குரல் தேர்வுக்குப் போனவர் நொசாவா. தேர்வானார். அதற்குப் பிறகு சிறுவன் வேடம் அவரை விடவே இல்லை.

பெண் குரல் பொருந்துவதற்கு உடற்கூற்றுக் காரணமும் உண்டு. வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் சராசரியாக வினாடிக்கு 120 அதிர்வு, பெண்ணுக்கு 200-க்குச் சற்று மேல், குரல் உடையாத சிறுவனுக்கு ஏறத்தாழ 250 அல்லது அதற்கும் மேல். சிறுவனுக்கு அருகில் நிற்பது பெண்தான். ஆனால் சுருதியை மட்டும் ஏற்றினால் பையன் வரமாட்டான், பொம்மைக் குரல்தான் வரும். பயிற்சி இல்லாதவர்கள் செய்யும் முதல் தவறு இதுவே. இரண்டாவது தவறு, கரகரப்புக்காகத் தொண்டையை இறுக்குவது. அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நாலாவது காட்சியிலேயே குரல் கம்மிவிடும். பையன்தனம் பெரும்பாலும் சொற்களை எறிகிற விதத்தில் இருக்கிறது. பெண்களின் பேச்சில் வாக்கிய முடிவில் இழையும் மூச்சுக் கசிவை அடைக்க வேண்டும். சொல்லின் தொடக்கத்தை நேராக இடிக்க வேண்டும். யோசித்துப் பேசும் இடைவெளிகளைக் குறைக்க வேண்டும். காற்று வயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டை திறந்தே இருக்க வேண்டும். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி மைக் இல்லாமல் மேடையில் பேசிப் பழகியவருக்கு இந்தக் கடைசி விஷயம் ஏற்கெனவே கைவந்தது.

அனிமே வேலை 1960களில் வந்தது. சில தொடர்களில் சிறு வேடங்கள் செய்தபின், 1968 ஜனவரியில் தொடங்கிய 'கெகெகே நோ கிதாரோ'வில் முதல் நாயக வேடம். பேய்களின் குலத்தில் பிறந்து மனிதர்களுக்குத் துணை நிற்கும் ஒற்றைக் கண் சிறுவன் கிதாரோ. 1970களில் வரிசையாகச் சிறுவர்கள்: 'இனகாப்பே தைஷோ', 'தோகொன்ஜோ காயெரு', பிறகு 1978-இல் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999'இன் தெட்சுரோ. இடையில் 1973-இல் ஒளிபரப்பான முதல் டோரேமான் தொடரில், பாதியில் குரல் மாறியபோது டோரேமானாகவும் பேசினார். அந்தத் தொடர் ஆறே மாதம்தான் ஓடியது. இன்று உலகம் அறிந்த டோரேமான் 1979-இல் புதிதாகத் தொடங்கியது, வேறு குரலுடன்.

டிராகன் பாலுக்குக் குரல் தேர்வு நடந்தபோது, பதிவுகளைக் கேட்டுக் கோகுவைத் தேர்ந்தெடுத்தவர் கதையைப் படைத்த அகிரா தொரியாமாவே. முதல் தொடர் 153 அத்தியாயம், 1989-இல் தொடங்கி 1996-இல் முடிந்த 'டிராகன் பால் Z' 291. மொத்தம் 444 அத்தியாயங்கள். 1988-இன் இறுதியில் கதையில் கோகு வளர்ந்து ஆளாகிவிட்டான். தோள் விரிந்து உயரமாக நிற்கும் இளைஞனுக்கும் நொசாவாவே தொடர்ந்து பேசினார். ஆங்கிலம் உட்பட வேறு மொழிகளின் டப்பிங்கில் இந்த இடத்தில் ஆண் குரலுக்கு மாறிவிட்டார்கள். இரண்டையும் கேட்டுப் பார்த்தால் ஜப்பானியர் செய்தது சரி என்றே படுகிறது. கோகுவுக்கு வயது ஏறினாலும் மனத்தில் கள்ளம் ஏறவில்லை என்பதுதான் அந்தக் கதையின் அச்சாணி. குரல் மாறாமல் இருப்பதால் அதைத் தனியாக வசனத்தில் சொல்லவே தேவைப்படவில்லை.

அதற்குப் பின் மகன்கள் வந்தார்கள். மூத்தவன் கோஹான், இளையவன் கோட்டென், கோகுவின் தந்தை பார்டாக் எல்லாம் அவரே. அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரே காட்சியில் பேசும்போது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யாமல் ஒரே ஓட்டத்தில் மூவராகவும் மாறி மாறிப் பேசிவிடுவார். மூவரின் குரலும் சுருதியில் அதிகம் வேறுபடாது. கோகு அவசரமில்லாமல் வாக்கியத்தை இழுத்து விடுவான், கோஹான் படித்த பிள்ளையாக அளந்து பேசுவான், கோட்டென் மூச்சுக்குள் துள்ளுவான். இதற்குக் குரல் மாற்றும் வித்தை போதாது. ஒரு பாத்திரத்திலிருந்து வெளியேறி அடுத்ததற்குள் நுழையும் வேகம் வேண்டும், அது மேடையில்தான் பழகும். மூவரும் ஒரே சமயத்தில் கத்தும் இடங்களை மட்டும் தனியாக எடுத்தாக வேண்டும், ஒருவருக்கு ஒரு வாய்தானே.

பதிவுக்கூடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் மேடைப் பயிற்சியின் பயன் இன்னும் நன்றாகப் புரியும். ஜப்பானிய அனிமேயில் படம் முதலில், குரல் பிறகு. இந்த முறைக்கு 'அஃபுரெக்கோ' என்று பெயர். அரை மணி நேர அத்தியாயத்தில் தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் விளம்பரமும் போக, கதை 20 நிமிடம் சொச்சம். அதைப் பதிவு செய்ய நாலைந்து மணி நேரம் ஒதுக்குவார்கள். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை, அல்லது மாலை 4 முதல் இரவு 9 வரை என்பது டோக்கியோ ஸ்டூடியோக்களின் வழக்கமான நேரம். அறையில் மூன்று அல்லது நாலு மைக் வரிசையாக நிற்கும். நடிகர்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். தன் வசனம் வருவதற்குச் சற்று முன் எழுந்து, காலியாகும் மைக்கை நோக்கிச் சத்தமில்லாமல் நடந்து, பேசி முடித்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு விலக வேண்டும். யார் எந்த மைக்குக்குப் போவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முந்திய வசனத்தில் இடது மைக்கில் நிற்பவர் அடுத்ததிலும் பேசுகிறாரா என்று தாளைப் பார்த்து முன்பே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மேடையில் நுழைவும் வெளியேற்றமும் பழகியவர்களின் உடம்புக்கு இது தானாக வரும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது குரலில் அல்ல, இந்த நடையில்தான்.

வசனத் தாளின் மேல்பாதியில் காட்சி எண்ணும் செயல் குறிப்பும், கீழ்ப்பாதியில் வசனமும் இருக்கும். முன்கூட்டியே கிடைக்கும் ஒளிப்பதிவை வீட்டில் பார்த்து, ஒவ்வொரு வசனமும் எந்த நிமிடம் எந்த வினாடியில் தொடங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பல நேரம் பதிவு நாளில் படம் முடிந்திருக்காது. பென்சில் கோடுகள் மட்டும் ஓடும், பேச வேண்டியவரின் பெயர் திரையில் ஒரு சீட்டுபோலத் தோன்றும். பெயர் தோன்றும்போது தொடங்கி, மறையும்போது முடிக்க வேண்டும். முகமே இல்லாத அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு கோபப்படவும் அழவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நல்ல செய்தி: வாயசைவுக்குப் பொதுவாக மூன்றே படங்கள்தான், மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் உதடு பொருந்த வேண்டியதில்லை. தொடக்கம், முடிவு, நடுவில் நிறுத்தம் மூன்றும் சரியாக விழுந்தால் போதும்.

வரிசை இப்படிப் போகும். முதலில் பாதி அத்தியாயத்துக்கு ஒத்திகை. ஒலி இயக்குநர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து திருத்தம் சொல்வார். இன்னொரு ஒத்திகை. பிறகு பதிவு, முடிந்தவரை நிறுத்தாமல் ஒரே ஓட்டம். பிழையான வரிகளையும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடங்களையும் மட்டும் பிற்பாடு தனியாக எடுப்பார்கள். கூட்ட இரைச்சல் வேண்டிய காட்சிக்கு அறையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். பிறகு அடுத்த பாதி.

கெடுவதெல்லாம் சில்லறைக் காரணங்களால் கெடும். தாளைப் புரட்டும் சத்தம் முதல் எதிரி. நீண்ட வசனம் இரண்டு பக்கத்துக்குப் பரவியிருந்தால் மூச்சு நிறுத்தத்தில் புரட்ட வேண்டும். நைலான் சட்டை உரசும், வளையல் சலசலக்கும், குதிகால் செருப்பு டக்கென்னும். காலையில் வெறும் வயிற்றோடு வந்தால் உருக்கமான காட்சியில் வயிறு பேசிவிடும். உதட்டை அடைத்துத் திறக்கும் ஒலிகளில் காற்று நேராக மைக்கில் மோதினால் 'புட்' என்று வெடிக்கும். அதற்கு மைக்கின் நேர்கோட்டிலிருந்து வாயைச் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும். கத்தலுக்கு அரை அடி பின்னே போவார்கள், முணுமுணுப்புக்கு நெருங்குவார்கள். ஒத்திகையில் தொண்டையைச் சேமிப்பதற்காக மெல்லப் பேசிவிட்டு, பதிவில் கோகுவின் சண்டைக் கத்தலான 'காமெஹாமெஹா'வை முழு பலத்தில் விட்டால் ஒலிப்பதிவு முறிந்துவிடும், அந்தக் கத்தல் வீண். ஒலிப்பொறியாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் இந்த நட்டம் இல்லை. சண்டைத் தொடர்களில் தொண்டையைத் தேய்க்கும் கத்தல்களைக் கடைசிக்குத் தள்ளுவதும் உண்டு, முதலிலேயே கத்தினால் மீதி வசனங்கள் கம்மிய குரலில் பதிவாகிவிடும்.

பணம் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் வெளியே தெரியும் புகழுக்கும் கையில் வரும் காசுக்கும் தூரம் அதிகம். 1973-இல் குரல் கலைஞர்கள் வீதியில் இறங்கினார்கள். ஒரு நாள் வேலைநிறுத்தமும் நடந்தது. அதன் பலனாக ஊதியம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஊதியம் தரவரிசைப்படி வரும். அடிமட்டமான ஜூனியர் தரத்துக்கு அரை மணி நேர அத்தியாயம் ஒன்றுக்கு அடிப்படைத் தொகை 15,000 யென், தரவரிசையின் உச்சிக்கு 45,000, அதற்கும் மேலே உள்ளவர்களுக்குப் பேசித் தீர்க்கும் தொகை. இதில் ஏஜென்சியின் கழிவும் வரியும் போகும். அத்தியாயம் முழுக்கப் பேசினாலும் ஒரே வரி பேசினாலும் தொகை மாறாது. நியாயமாகத் தோன்றலாம், ஆனால் ஜூனியர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு வேடம் கிடைத்தால் மாதத்துக்கு 60,000 யென், டோக்கியோவில் அது வீட்டு வாடகைக்கே சரியாகப் போகும். தரம் உயர்ந்தால் விலை கூடுவதால், வாய்ப்பு குறையும் என்று அஞ்சி உயர்வைத் தள்ளிப்போடுவோரும் உண்டு.

மேடையை விடாமல் வைத்துக்கொள்பவர்களுக்கு நேரச் சிக்கல் வேறு. அனிமே பதிவு வாரம் தவறாமல் ஒரே கிழமை, ஒரே நேரம். நாடகமோ ஒரு மாத ஒத்திகையையும் பிறகு பகல் காட்சி, இரவுக் காட்சியையும் கேட்கும். இரண்டும் மோதும் வாரத்தில் நடிகையின் வரிகளை மட்டும் தனியாக வேறு நாளில் எடுப்பார்கள். வேலை முடிந்துவிடும், ஆனால் எதிரில் ஆள் இல்லாமல் பேசிய வசனம் காதுக்குத் தெரியும். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று நான்கு பேராகப் பிரித்து எடுத்தபோது மூத்தவர்கள் வருந்தியதும் இதனால்தான். நொசாவா தலைமுறை அறைக்குள் உட்கார்ந்து மற்றவர் நடிப்பைக் கேட்டே தொழில் கற்ற தலைமுறை. அவரும் குரல் வேலையோடு நிறுத்தாமல் 'மூன்லைட்' என்ற நாடகக் குழுவை நடத்தினார்.

இன்று குரல் கலைஞராக விரும்பும் பெரும்பாலோர் நேராக ஏஜென்சிகளின் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார்கள், மைக் முன் நிற்பதையே முதல் பாடமாகக் கற்கிறார்கள். மேடை வழி முற்றிலும் அடைபடவும் இல்லை. 'என்' நாடகக் குழுவில் வளர்ந்த நடிகை ரோமி பாக் 1998-இல் அனிமேவுக்கு வந்து, 1999-இல் 'டர்ன் ஏ குண்டம்' தொடரின் நாயகன் லோரனாகவும், 2003-இல் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தொடரின் நாயகன் எட்வர்ட் எல்ரிக்காகவும் பேசினார். 2019-இல் டோக்கியோ மேடையில் 'லே மிசெரப்லே' இசை நாடகத்தில் மதாம் தெனார்தியே வேடம் ஏற்றார். அவருடைய சிறுவர்களிடமும் அந்த மேடை உடம்பு தெரியும்: கோபம் வந்தால் வசனத்துக்கு முன்பே மூச்சு கோபப்படும்.

நொசாவாவின் பட்டியலில் எண்ணிக்கைச் சாதனைகளும் உண்டு. வீடியோ விளையாட்டுகளில் ஒரே பாத்திரத்துக்கு மிக நீண்ட காலம் குரல் கொடுத்தவர் என 2017-இல் கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. ஆனால் ஒரு நடிகையின் வாழ்வில் அதைவிட அபூர்வமானது கிதாரோவுக்கு அடுத்து நடந்தது. 1968 தொடரில் கிதாரோவின் தந்தை வெறும் கண்விழி. மகனின் தலைமுடிக்குள் உட்கார்ந்து யோசனை சொல்வார். அதற்குப் பேசியவர் இசாமு தனோனாகா. கிதாரோவின் குரல் 1985 தொடரில் கெய்கோ தோதாவுக்குப் போய், பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தது. தந்தையின் குரல் மட்டும் ஒவ்வொரு தொலைக்காட்சித் தொடரிலும் தனோனாகாவிடமே இருந்தது, 2010 ஜனவரியில் அவர் இறக்கும் வரை. 2018-இல் ஆறாவது தொடர் தொடங்கியபோது கிதாரோவாக மியூகி சவாஷிரோ வந்தார். கண்விழித் தந்தையாக நொசாவா வந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன் எதிரில் நின்ற நடிகரின் வேடம் அது. அந்தக் கீச்சுக் குரலின் இழுவையும் வாக்கிய முடிவின் ஏற்றமும் ஜப்பானில் எல்லோர் காதிலும் இருந்தன. 1968-இல் 'தோசான்' என்று அப்பாவை அழைத்தவர், இப்போது 'ஒய், கிதாரோ' என்று மகனை அழைத்தார். 97 அத்தியாயங்கள்.